முகத்தைத் திருப்பிக்கொள்கிற வீடு

பூட்டுக்காரரிடம் ஒரு பழக்கம் உண்டு. எண் பூட்டு வைத்த இரும்புப் பெட்டி யார் வீட்டிலாவது மக்கர் செய்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போவார், கழற்றுவார், துரு சுரண்டி எண்ணெய் விட்டு மறுபடி மாட்டுவார். கடைசியில் சொந்தக்காரர் புது எண் வைக்க வேண்டிய நேரம் வந்ததும் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். "நீங்க பாட்டுக்கு வைங்க. முடிஞ்சதும் ஆச்சுன்னு ஒரு குரல் குடுங்க" என்பார். "உங்ககிட்ட மறைக்க என்னங்க இருக்கு, சும்மா திரும்புங்க" என்று பெருந்தன்மை காட்டுகிறவர்களும் உண்டு. மனுஷன் அசைய மாட்டார். சுவரில் பல்லி இருந்தால் பல்லியைப் பார்ப்பார், காலண்டர் இருந்தால் தேதியைப் பார்ப்பார். "ஆச்சு" என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் தலை இந்தப் பக்கம் வரும்.

யோசித்துப் பார்த்தால் அவருக்கு வேறு வழியும் இல்லை. அந்த வட்டாரத்தில் பாதி வீட்டுக் கதவை ஒரு வளைந்த கம்பியால் திறந்துவிடக்கூடிய ஆள் அவர். அப்படிப்பட்டவரைத் தெருவிலே நடமாடவிட்டுவிட்டு ஜனங்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்றால், அவர் எங்கே பார்க்கிறார், எங்கே பார்க்கவில்லை என்பது நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் கொஞ்சம் அதிகமாகவே தெரியவைத்தார். அவ்வளவுதான்.

அவர் மனைவியைத் தெருவில் நூலக்கா என்பார்கள். பள்ளிச் சீருடைகளில் பள்ளியின் சின்னம், சட்டைப் பையில் கம்பெனிப் பெயர், தலையணை உறையில் பூ என்று எம்ப்ராய்டரி போட்டுக் கொடுப்பவள். அவள் சேலையில் எப்போது பார்த்தாலும் எங்கேயாவது ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் வந்த பெயர்.

பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்த வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. முன்னறையில் தையல் மெஷினுக்கும் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்கும் நடுவே ஒரு மேஜை போட்டு வைத்தார்கள். பொருத்திக் கொடுக்க வந்த பையன் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தான்.

"எல்லாருக்கும் சேர்த்து ஒரே அக்கவுண்ட் போட்டிருக்கேன். ஆன் பண்ணா நேரா உள்ள போயிடும். பாஸ்வேர்டுகூட வேண்டாம்."

பூட்டுக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பூட்டே இல்லாத வீட்டைப் பற்றிப் பூட்டுக்காரரிடம் பெருமையடித்தால் வேறு என்ன நடக்கும்?

"நாலு பேர் இருக்கோம் தம்பி. நாலு பேரும் ஒரே சட்டையவா போட்டுக்கறோம்?"

பையன் மறுபடி உட்கார்ந்தான். அன்று அவன் நான்கு கணக்குகள் திறந்து கொடுத்துவிட்டுத்தான் வெளியே போக முடிந்தது. மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, நூலக்காவுக்கு ஒன்று. பூட்டுக்காரருடையது மட்டும் அட்மின் கணக்கு. புதிதாக எதையாவது உள்ளே ஏற்ற வேண்டுமென்றாலும் யாருடைய கணக்கிலாவது கை வைக்க வேண்டுமென்றாலும் அவருடைய பாஸ்வேர்டு வேண்டும். அவர் அதைப் பெரிய சாவி என்று சொன்னார். "வீட்டுக்கு ஒரு பெரிய சாவி போதும். அது ரெண்டு பேர் கையில இருந்தா அது சாவியே இல்லை" என்பது அவருடைய கட்சி.

நூலக்கா தன் பாஸ்வேர்டை வைத்த அழகு இருக்கிறதே! "என்ன வைக்கலாம், எங்க அம்மா பேரையே வெச்சிடட்டுமா, பின்னாடி ஒரு..." என்று உரக்க யோசிக்க ஆரம்பித்தாள். பூட்டுக்காரர் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்.

"சொல்லாதே, சொல்லாதே!"

"கட்டின புருஷன்கிட்ட என்னங்க ரகசியம்?"

"புருஷன் வேற, பாஸ்வேர்டு வேற. இப்ப சொன்னதை விட்டுட்டு வேற ஒண்ணு யோசி. மனசுக்குள்ள யோசி!"

அன்றிலிருந்து அந்த வீட்டில் சட்டம் போட்டாகிவிட்டது. ஒருவர் பாஸ்வேர்டு அடிக்க உட்கார்ந்தால் அறையில் இருக்கும் மற்றவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும். அடித்து முடித்தவர் "ஆச்சு" சொல்ல வேண்டும். சொல்லாமல் யாரும் திரும்பக் கூடாது. மகன் ஒரு தடவை ஓரக்கண்ணால் தங்கையின் விரலைப் பார்த்து மாட்டிக்கொண்டு, அந்த வாரம் முழுக்கப் பாத்திரம் தேய்த்தான். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா கிண்ணம் திருப்பிக் கொடுக்க வந்தபோது, பூட்டுக்காரர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறார், நூலக்கா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையைக் கட்டி நிற்கிறாள். அந்த அம்மா பதறிப்போய், "என்னடி, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?" என்று காதில் கேட்டாள். நூலக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பாஸ்வேர்டு மறந்துபோனால் நினைவுபடுத்த ஒரு குறிப்பு எழுதிவைக்கச் சொல்லும் அந்தக் கம்ப்யூட்டர். மற்றவர்கள் ஏதோ எழுதினார்கள். பூட்டுக்காரர் ஆங்கில எழுத்திலேயே தமிழை அடித்து "உனக்கெதுக்கு?" என்று எழுதிவைத்தார். அவருடைய பெயரைச் சொடுக்கித் தப்பாக எதையாவது தட்டினால் திரையில் அந்தக் கேள்வி வந்து நிற்கும். பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே தப்பும் தவறுமாகத் தட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவருடைய கணக்குக்குள் அப்படி என்ன இருந்தது என்று கேட்டால், ஒன்றும் இல்லை. கடையைச் சாத்திவிட்டு வந்து சீட்டு விளையாடுவார். அதிலும் பெரும்பாலும் தோற்பார்.

மகளுக்குப் பதினைந்து, பதினாறு வயது இருக்கும்போது ஒரு விஷயம் நடந்தது. பள்ளிவிட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்னவோ அடித்துக்கொண்டே இருப்பாள். அம்மா பக்கத்தில் வந்தால் சட்டென்று மூடிவிடுவாள். நூலக்கா நாலு நாள் பொறுத்துப் பார்த்தாள். பூட்டுக்காரரைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய் வைத்துக்கொண்டாள்.

"பெரிய சாவி உங்ககிட்டதானே இருக்கு? ஒரே ஒரு தடவை திறந்து என்னதான் எழுதறான்னு பாருங்க."

"முடியாது."

"நம்ம பொண்ணுதானேங்க!"

"ஊரான் பொண்ணா இருந்தாகூட கேட்டுட்டுத் திறப்பேன். நம்ம பொண்ணு, கேக்காம திறக்கணுமா? திறக்கத் தெரியும்கறதுக்காகத் திறந்தா எனக்கும் திருடனுக்கும் என்ன வித்தியாசம்?"

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"கதவைத் தட்டு. அவ பக்கத்துல உக்காந்து, என்னம்மான்னு கேளு."

கேட்டாள். மகள் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு ஓவென்று அழுதாள். வகுப்பில் ஒரு கூட்டம் அவளுடைய பல்லையும் நடையையும் கேலி செய்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. வேறு ஊருக்கு மாறிப்போன தோழிக்கு அதையெல்லாம் எழுதி எழுதித்தான் அவள் ஒவ்வொரு நாளையும் ஓட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பின்கட்டில் அப்பா சொன்னது ஜன்னல் வழியாகத் தனக்குக் கேட்டது என்று மகள் ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள். அப்பா என்றால் அவளுக்கு அன்றிலிருந்து ஒரு படி மேல்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள், போனார்கள். மகன் கடல் தாண்டி வேலைக்குப் போனான். மகள் மருத்துவமனையில் நர்ஸாகி, கல்யாணமும் ஆகி, பஸ்ஸில் போகிற தூரத்தில் குடித்தனம் வைத்தாள். திரையில் நான்கு பெயர்களும் அப்படியே இருந்தன. நூலக்கா கையால் போட்டுக்கொண்டிருந்ததை விட்டுக் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரிக்கு மாறியிருந்தாள். டிசைனைத் திரையில் வரைந்தால் மெஷின் தானே தைத்துவிடும். அந்தப் புரோகிராம் அவ்வப்போது எதையாவது புதுசாக ஏற்ற வேண்டும் என்று அடம் பிடிக்கும். உடனே அனுமதி கேட்டு ஒரு பெட்டி திரையில் குதிக்கும். பெட்டியில் பூட்டுக்காரருடைய பெயர், அதற்குக் கீழே பாஸ்வேர்டு அடிக்க ஒரு காலி இடம்.

"என்னங்க, பெட்டி வந்துடுச்சு!"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். கண்ணாடி போட்டுக்கொண்டு, பெட்டியில் எழுதியிருப்பதை ஒரு வார்த்தை விடாமல் படிப்பார். எதற்கு அனுமதி என்று தெரியாமல் அவர் கை வைக்கவே மாட்டார். பிறகு தொண்டையைக் கனைப்பார். நூலக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். முதுகுக்குப் பின்னால் விசைகள் தட்டுகிற சத்தம் கேட்கும். முதலில் நிதானமாக ஓடும், நடுவில் மூச்சு வாங்குவதுபோல் ஒரு சின்ன நிறுத்தம், அப்புறம் கடைசி எழுத்துகள் கடகடவென்று. எழுத்துகள் என்னவென்று அவளுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் மனப்பாடம். "ஆச்சு" என்பார். திரும்பினால் லேசாகச் சிரித்துக்கொண்டிருப்பார். அவள் வேலைக்கு அவர் தேவைப்பட்ட இடம் அது ஒன்றுதான். இருவருக்குமே அது பிடித்திருந்தது.

அப்புறம் மறதி வந்தது.

முதலில் எல்லோருக்கும் வருகிற மாதிரிதான் வந்தது. கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினார், கேலி செய்து சிரித்தார்கள். பிறகு ஒருநாள் சாவியைத் தொலைத்த ஒருவர் கதவைத் திறந்துவிடச் சொல்லி அழைத்துப்போனார். அந்த ஆள் மாடிப்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில், பூட்டுக்காரர் எதிர்வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார். உள்ளே ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் தெரிந்தவர்கள், பெரிதுபடுத்தவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து அவர் நூலக்காவின் எதிரில் உட்கார்ந்து, "கேக்காம ஒரு வீட்டைத் திறந்துட்டேன்" என்றார். "கேக்காம திறந்துட்டேன்மா, கேக்காம..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் கடையின் சாவியை அவரே கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்.

டாக்டர் மறதி நோய் என்றார். இன்றைக்கு இருப்பது நாளைக்கு இருக்காது, மெதுவாகப் போகும் என்றார். "என்னையும் மறந்துடுவாரா டாக்டர்?" என்று நூலக்கா கேட்டாள். டாக்டர் மேஜையில் இருந்த பேனாவை நேராக வைத்தார். "இப்பவே சொல்ல முடியாதும்மா" என்றார். அந்தப் பேனா ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

கிழமை போனது. தெரு போனது. மகனுடைய பெயர் வருவதும் போவதுமாக இருந்தது. ஆனால் பெட்டி வந்துவிட்டது என்று கூப்பிட்டால் வந்தார், படித்தார், கனைத்தார், தட்டினார். நிதானம், நடுவில் நிறுத்தம், கடகட. ஒருநாள் தட்டி முடித்துவிட்டு அவளிடம் ரகசியமாகச் சொன்னார்:

"ஒரு விஷயம் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதே. பாஸ்வேர்டு என்னன்னு எனக்கே தெரியலை. கைதான் அடிக்குது."

"கைக்குத் தெரிஞ்சா போதும்ங்க" என்றாள்.

அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் அவர் இருக்கிறார் என்று அவள் மனதுக்குள் கணக்கு வைத்துக்கொண்டாள். மனசு கேட்காத நாட்களில், ஒன்றும் தேவையில்லாமலே எதையாவது சொடுக்கி அந்தப் பெட்டியை வரவழைப்பாள். "என்னங்க, பெட்டி வந்துடுச்சு!" அவர் வருவார். அவள் சுவரைப் பார்த்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். "ஆச்சு" என்றதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்புவாள்.

பள்ளிகள் திறக்கப்போகிற சமயத்தில், சீருடைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தபோது, பழைய எம்ப்ராய்டரி மெஷின் உயிரை விட்டது. புதியது வாங்கினார்கள். அதற்கு வேறு புரோகிராம். கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், பெரிய சாவி வேண்டும். லீவு போட்டுவிட்டு வந்திருந்த மகள், அப்பா தூங்குகிற நேரம் பார்த்து அம்மாவிடம் பேசினாள்.

"அப்பா கை எத்தனை நாளைக்கு அடிக்கும்னு யாருக்கும் தெரியாதும்மா. மறந்துட்டார்னா மொத்தத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போடணும். இப்பவே உன் அக்கவுண்டையும் அட்மினா மாத்திடலாம். அவர் ஒரே ஒரு தடவை அனுமதி குடுத்தா போதும், அப்புறம் அவரைத் தொந்தரவே பண்ண வேண்டாம்."

நியாயமான பேச்சு. அதைவிட நேர்மையான வழியும் இல்லை. அவர் எழுந்ததும் பெட்டியை வரவழைத்து, உட்காரவைத்து, இரண்டு பேருமாகப் பக்குவமாகச் சொன்னார்கள். அவர் வழக்கம்போல் வார்த்தை வார்த்தையாகப் படித்தார். படித்து முடித்து, திரையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

"ஏன், நான் இருக்கேன்ல?"

நூலக்கா உடனே, "ஆமாங்க, நீங்க இருக்கீங்க, வேண்டாம்" என்று பெட்டியை மூடிவிட்டாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் இறங்கியிருந்தது.

"அப்ப ஒண்ணே ஒண்ணு பண்ணு. புது மெஷினுக்கு அவர் அடிக்கும்போது, திரும்பாம பாத்துடு."

"நீயா இதைச் சொல்றே?"

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான்தான் சொல்றேன். வேற யார் சொல்லுவா?" என்று படியிறங்கிப் போனாள்.

மறுநாள் காலை வெளிச்சம் நன்றாக இருந்தது. அவரும் தெளிவாக இருந்தார். சவரம் செய்துவிடச் சொன்னார், செய்துவிட்டாள். புது மெஷினைத் தடவிப் பார்த்து, "நல்ல வேலைப்பாடு" என்றார். நூலக்கா புரோகிராமை ஏற்றுவதற்குத் தயாராக வைத்தாள். பெட்டி வந்தது. படித்தார். தொண்டையைக் கனைத்தார்.

அவளால் திரும்பாமல் நிற்க முடியவில்லை. இத்தனை வருஷப் பழக்கம், உடம்பு தானாகத் திரும்பிவிட்டது. ஆனால் அன்று அவள் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை, அலமாரிப் பக்கம் திரும்பினாள். அலமாரியின் கண்ணாடிக் கதவில் மேஜையும் அவருடைய கைகளும் தெரிந்தன. தெரியும் என்று அவளுக்குத் தெரியும். காலையில் கதவைத் துடைத்துவைத்தவளே அவள்தான்.

விரல்கள் நிதானமாக ஓட ஆரம்பித்தன. பார்த்ததற்காவது ஏதாவது கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. கண் கலங்கிப்போய் எந்த விரல் எந்த எழுத்தில் விழுகிறது என்றே தெரியவில்லை. அவள் கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடி பார்த்தாள். நடுவில் வருகிற அந்தச் சின்ன நிறுத்தம் வந்தது. அவள் காத்திருந்தாள். நிறுத்தம் முடியவில்லை.

கண்ணாடியில் கைகள் இருந்த இடத்திலிருந்து பார்வையை மேலே கொண்டுபோனாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், அலமாரிக் கண்ணாடி வழியாக.

"நீ பாக்குறே" என்றார்.

கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். நடுத்தெருவில் கையை விட்டுவிட்டுப் போன அம்மாவைக் குழந்தை பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"இல்லைங்க, நான்... கண்ணாடிங்க... தெரியாம..."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். தடுமாறினாள். அவர் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீயா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அவள் ஓடிவந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். "தப்புங்க. இனிமே பாக்க மாட்டேன். சத்தியமா. நான் வெளியே போயிடறேன், வாசல்ல போய் நிக்கறேன், நீங்க அடிங்க" என்றாள். சொன்னபடியே வாசலில் போய் நின்றாள், தெருவைப் பார்த்துக்கொண்டு. காய்கறி வண்டி போயிற்று, சைக்கிள் போயிற்று. உள்ளே சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தபோது, அவர் விரல்களை விசைப்பலகையின் மேல் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். வாசலில் விட்ட செருப்பைக் காணாதவர் முகம் மாதிரி இருந்தது. ஒன்றிரண்டு எழுத்து தட்டினார். தப்பு என்று வந்தது. இன்னும் தட்டினார். தப்பு.

அதற்கப்புறம் அந்தச் சத்தம் அந்த வீட்டில் கேட்கவே இல்லை.

சில நாள் கழித்து ஒருநாள் அவராகவே மேஜை முன்னால் உட்கார்ந்தார். சீட்டு விளையாட ஆசை வந்திருக்கும். தன் பெயரைச் சரியாகக் கண்டுபிடித்துச் சொடுக்கினார். நூலக்கா சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். என்னவோ தட்டினார். திரையில் அவர் எழுதிவைத்த கேள்வியே வந்து அவர் முன்னால் நின்றது. அதை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார்.

"உனக்கெதுக்கு?"

யாரோ பெரியவர்கள் கேட்டுவிட்டதுபோல் தலையை ஆட்டினார்.

"அதானே. எனக்கெதுக்கு?" என்று நாற்காலியைச் சத்தம் வராமல் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார்.

நூலக்கா அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு காலத்தில் அந்த வாக்கியத்தைப் பார்க்கத்தான் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு தட்டினார்கள்.

அந்தப் பாஸ்வேர்டு எப்படியும் அவருக்கு மறந்துபோயிருக்கும்மா என்றாள் மகள். தானே அப்படிச் சொல்லிக் கொடுத்ததற்குத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். நோய் அப்படித்தான், நீங்கள் பார்த்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். மகனும் போனில் அதையேதான் சொன்னான். எல்லோரும் படித்தவர்கள், சரியாகத்தான் சொல்வார்கள். ஆனால் கண்ணாடியில் அந்தக் கண்களைப் பார்த்தவள் அவள் ஒருத்திதானே. விரல் நின்றது நோயால் அல்ல, தன்னால் என்று அவள் நம்பினாள். யாரும் எடுத்துச் சொல்லி மாற்றக்கூடிய நம்பிக்கை இல்லை அது.

மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருவதாக ஒருவர் வந்தார். நூலக்கா அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தாள். அழித்தால் திரையில் அவர் பெயர் போய்விடும். புது மெஷினுக்கென்று மகள் எங்கேயோ பழைய லேப்டாப் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தாள். சீருடை வேலை எப்படியோ நடந்தது. அலமாரியின் கண்ணாடிக் கதவில் உள்பக்கமாகப் பழைய துணி ஒன்றை மடித்து ஒட்டிவைத்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அவருக்குள் மிச்சம் இருந்ததும் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயிற்று. மகளை நர்ஸ் என்றார். அது உண்மைதான் என்பதால் மகள் சிரித்துக்கொண்டே ஊசி மாத்திரைகளைப் பார்த்துக் கொடுத்துவிட்டு, பஸ் நிறுத்தம் வரை அழுதுகொண்டு போனாள். நூலக்காவை "நீங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் "நீ" தவிர வேறு வந்ததில்லை. தையல் வேலைக்கு வந்திருக்கிற பெண் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. சாப்பாடு போட்டால், "உங்களுக்கு எதுக்கு சிரமம்?" என்பார். ஒருநாள் மதியம், "எங்க வீட்டுக்காரி எப்ப வருவாங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். "இதோ வந்துடுவாங்க" என்றாள். அதற்குப் பிறகு அடிக்கடி கேட்டார். ஒவ்வொரு தடவையும் இதோ வந்துவிடுவதாகச் சொன்னாள்.

அப்படியொரு மதியம். ஒரு பள்ளிக்காரர்கள் பழைய சின்னத்தையே மறுபடி போடச் சொல்லியிருந்தார்கள். அந்த டிசைன் பழைய கம்ப்யூட்டரில், அவளுடைய கணக்கில் இருந்தது. அவள் தூசியைத் தட்டிவிட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தாள். அவர் ஜன்னலோரத்தில் நாற்காலியில், மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் நான்கு பெயர்கள் வந்தன. தன் பெயரைச் சொடுக்கினாள். பாஸ்வேர்டுக்கான இடம் வந்தது. விரல்களை விசைப்பலகையின் மேல் வைத்தாள்.

பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். அவர் இரண்டு கைகளையும் ஊன்றிச் சிரமப்பட்டு எழுந்திருந்தார். எழுந்து, மெதுவாக நடந்து, அலமாரியைத் தாண்டிப்போய், சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து நின்றுகொண்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. அவளுடைய பெயர் தெரியாது, அவள் யாரென்று தெரியாது, இது எந்த வீடு என்று தெரியாது. ஒருவர் பாஸ்வேர்டு அடிக்க உட்கார்ந்தால் திரும்பிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

நூலக்கா திரையின் பக்கம் திரும்பினாள். தட்டினாள். ஒவ்வொரு எழுத்தாக, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகத் தட்டினாள். இருந்தும் முடிந்துவிட்டது. கணக்கு திறந்தது. பழைய டிசைன்கள் வரிசையாக வந்து நின்றன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைக் காலருக்கு மேலே கழுத்து மெலிந்திருந்தது. தோள் பழைய தோள்தான். இப்போது ஆச்சு என்று சொன்னால் அவர் திரும்புவார். திரும்பினால் அவளை யாரோ என்று பார்ப்பார். சுவரைப் பார்த்து நிற்கிற வரைக்கும் அவர் பூட்டுக்காரர், அவள் அவர் மனைவி.

"ஆச்சா?" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி.

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். குரல் சரியாக வருகிற வரை காத்திருந்தாள்.

"இன்னும் இல்லைங்க" என்றாள்.